விடுப்பில் வரும் ராணுவ மகனை லட்சம் பேர் கூடும் ஆட்டத்துக்கு அழைத்துப் போகலாமா?

கேள்வி

மதிப்பிற்குரிய ஆலோசகருக்கு வணக்கம்.

நாங்கள் டெக்சஸில், ஆஸ்டினை ஒட்டிய ரவுண்ட் ராக்கில் இருக்கிறோம். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். மகனுக்கு 23 வயது. அமெரிக்க ராணுவத்தில் மெடிக், அதாவது அடிபட்டவர்களுக்கு முதலுதவி செய்யும் மருத்துவ வீரன். கல்லூரி இரண்டாம் ஆண்டில் படிப்பை நிறுத்திவிட்டுப் போய்ச் சேர்ந்தான். என் கணவருக்கு அது பெரிய அடி. ஏறக்குறைய ஒரு வருடம் அவனோடு பேசவில்லை. இப்போது எல்லாம் சரியாகிவிட்டது. சொல்லப்போனால் பெருமை தாங்கவில்லை அவருக்கு.

மகன் மத்திய கிழக்கில் ஒரு தளத்தில் ஒன்பது மாதம் இருந்துவிட்டு, இப்போது ஜெர்மனியில் வேலை பார்க்கிறான். அந்தத் தளத்தில் டிரோன் அபாய ஒலி அடிக்கடி வரும் என்று மட்டும் சொன்னான். அதற்கு மேல் நாங்களும் கேட்கவில்லை. அக்டோபரில் 14 நாள் விடுப்பில் வருகிறான். வியாழன் இரவு வந்து இறங்குவதாகத் திட்டம்.

மகள் டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் முதலாம் ஆண்டு. பல்கலைக்கழக அணியின் அமெரிக்கக் கால்பந்து ஆட்டங்களில் வாசிக்கும் லாங்ஹார்ன் பேண்டில் கிளாரினெட் வாசிக்கிறாள். "தங்கச்சி வாசிக்கிறதை ஒரு தடவையாவது நேர்ல பார்க்கணும்மா" என்று அவனே போனில் சொன்னான். அதைக் கேட்டதுமே என் கணவர் கிளம்பிவிட்டார். அவன் வந்து இறங்கி இரண்டாம் நாள், சனிக்கிழமை மாலை 6:30 ஆட்டத்துக்கு நான்கு டிக்கெட் பார்த்து வைத்திருக்கிறார். இன்னும் காசு கட்டவில்லை. ஆட்டத்துக்கு முன் கார் நிறுத்துமிடத்தில் டெயில்கேட் விருந்து. நண்பர்கள் குடும்பத்தோடு 24 பேர், எல்லாருக்கும் பிரியாணி. இது போதாதென்று, ஆட்ட இடைவேளையில் பெரிய திரையில் ராணுவத்தினரைக் காட்டிக் கைதட்டுவார்களே, அதற்கு மகன் பெயரை அவனுக்குத் தெரியாமல் எழுதிப் போட்டிருக்கிறார். "யூனிஃபார்ம் எடுத்துட்டு வா" என்று மட்டும் அவனிடம் சொல்லியிருக்கிறார்.

எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. சென்ற வசந்தத்தில் எட்டு நாள் வந்திருந்தான். குக்கர் விசில் அடித்ததும் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து வெளியே போய்விட்டான். ஹோட்டலில் வாசலைப் பார்த்த நாற்காலியில்தான் உட்காருவான். இரவில் மூன்று, நான்கு மணி நேரம் தூங்கினால் அதிகம். அந்த அரங்கத்தில் டெக்சஸ் அணி புள்ளி எடுக்கும்போதெல்லாம் பீரங்கி வெடிக்கும். கூட்டமோ லட்சம் பேர்.

அழைத்துப் போவதா, வேண்டாமா? போனால் எப்படிப் பார்த்துக்கொள்வது? அவனிடம் பீரங்கியைப் பற்றிப் பேசினால் நாமே பயத்தைக் கிளப்பிவிட்டதாக ஆகாதா? கணவரிடம் எப்படிச் சொல்வது? டாக்டரிடம் காட்ட வேண்டிய நிலையா இது?

— ஒரு தாய், டெக்சஸ்

ஆலோசகர் பதில்

அன்புள்ள அம்மா,

அழைத்துப் போங்கள். எல்லாவற்றையும் முன்கூட்டியே சொல்லி, அதன் பிறகும் அவர் வருகிறேன் என்று சொன்னால். முதல் சனிக்கிழமை வேண்டாம், இரண்டாவது சனிக்கிழமை பாருங்கள். பெரிய திரை ஏற்பாட்டை இன்றே நிறுத்துங்கள். விருந்தை எட்டுப் பேருக்குள் சுருக்குங்கள். ஒவ்வொன்றுக்கும் காரணம் சொல்கிறேன்.

குக்கர் விசிலுக்கு அவர் எழுந்து போனதில் தொடங்கலாம். எதிர்பாராத பெருத்த சத்தம் காதில் விழுந்தால் மனம் யோசிக்கும் முன்பே உடல் துள்ளிவிடும். எல்லாருக்கும் உண்டு இது. அபாய ஒலி கேட்டதும் சில நொடியில் பதுங்கிடத்துக்கு ஓட வேண்டிய ஊரில் ஒன்பது மாதம் இருந்தவருக்கு அந்தத் துள்ளல் கூடுதல் கூர்மையாகிவிடும். அங்கே அவர் உயிரைக் காத்த பழக்கம் அது. வீடு வந்த பிறகு தணியக் கொஞ்ச காலம் பிடிக்கும். வாசலைப் பார்த்து உட்காருவதும் அதன் தொடர்ச்சிதான். இப்படிப்பட்டவர்களை அதிகம் தாக்குவது சத்தத்தின் அளவைவிட, அது எப்போது வரும் என்று தெரியாமல் இருப்பது. உங்கள் மூன்றாவது கேள்விக்கு இதிலேயே பதில் இருக்கிறது. பீரங்கியைப் பற்றிச் சொல்வது பயத்தைக் கிளப்பாது. சொல்லாமல் அழைத்துப் போவதுதான் ஆபத்து.

கல்லூரி அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தின் சத்தத்துக்கு ஓர் ஒழுங்கு உண்டு. ஆட்டம் தெரிந்தவர் அதை முன்கூட்டியே படித்துவிடலாம். சொந்த அணியிடம் பந்து இருக்கும்போது, வீரர்களுக்குக் கட்டளை கேட்க வேண்டும் என்பதற்காக அரங்கம் ஓரளவு அடங்கியிருக்கும். எதிரணியிடம் பந்து இருந்து (பத்து கெஜம் முன்னேற நான்கு முயற்சிதான்) அவர்களின் மூன்றாவது முயற்சி வரும்போது கூச்சல் உச்சத்துக்குப் போகும். பீரங்கி வெடிப்பது டெக்சஸ் அணி புள்ளி எடுத்த பிறகு மட்டுமல்ல, ஆட்டம் தொடங்கும்போதும் ஒவ்வொரு கால்பகுதி முடிவிலும் வெடிக்கும். அணி எதிரணியின் 20 கெஜக் கோட்டைத் தாண்டி உள்ளே போய்விட்டால் அடுத்த சில நிமிடத்தில் வெடிக்க வாய்ப்பு அதிகம் என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம். "ஸ்மோக்கி" என்று பெயர் வைத்த அந்தப் பீரங்கியில் குண்டு கிடையாது, வெற்றுத் தோட்டாதான். போர் விமானங்கள் பறக்க ஏற்பாடு இருந்தால் அது தேசிய கீதம் முடியும் தறுவாயில் தலைக்கு மேல் வரும். எந்த ஆட்டத்துக்கு விமானம், எதற்கு வாணவேடிக்கை, பீரங்கி எந்த மூலையில் நிற்கும் என்பதை டிக்கெட் அலுவலகத்திடம் கேட்டு, பீரங்கிக்கு எதிர்மூலையில் இடம் எடுங்கள். இவற்றையெல்லாம் அவரிடம் தாளில் எழுதிக் கொடுத்தால்கூடத் தப்பில்லை. ராணுவத்தில் இருப்பவருக்கு முன்விவரம் கேட்டுவிட்டுக் கிளம்புவது பழகிய காரியம்.

காதுக்கும் ஏற்பாடு வேண்டும். 85 டெசிபலில் எட்டு மணி நேரம் வரை தாங்கும் காது, 100 டெசிபலில் 15 நிமிடத்துக்கு மேல் பாதுகாப்பில்லை என்பது அமெரிக்கப் பணியிடச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. நிறைந்த அரங்கம் 100ஐ எளிதில் தொடும். இசைக் கச்சேரிக்கென்று விற்கும் காதடைப்பான் வாங்குங்கள். அது சத்தத்தை 15, 20 டெசிபல் அளவுக்குச் சீராகக் குறைக்கும், பேச்சும் பேண்டு இசையும் தெளிவாகக் கேட்கும். சாதாரணப் பஞ்சு வகை எல்லாவற்றையும் மந்தமாக்கிவிடும். சுற்றி என்ன நடக்கிறது என்று கேட்காவிட்டால் சிலருக்கு எச்சரிக்கை உணர்வு இன்னும் ஏறும். நான்கு ஜோடி வாங்கி நான்கு பேரும் போட்டுக்கொள்ளுங்கள், அவருக்கு மட்டும் நீட்ட வேண்டாம்.

அடுத்து, எந்தச் சனிக்கிழமை. அக்டோபரில் ஜெர்மனிக்கும் ஆஸ்டினுக்கும் ஏழு மணி நேர வித்தியாசம். மாலை 6:30க்கு ஆட்டம் தொடங்கும்போது அவர் உடலுக்கு நள்ளிரவு 1:30. ஆட்டம் முடியக் கிட்டத்தட்ட மூன்றரை மணி நேரம் ஆகும். விடிகாலை ஐந்து மணி அலுப்போடுதான் லட்சம் பேருக்கு நடுவே வெளியே வருவார். ஏற்கெனவே தூக்கம் குறைந்தவர். தூக்கமில்லாத உடலில் துள்ளலும் எரிச்சலும் கூடும். மேற்கு நோக்கிப் பயணம் செய்தவருக்கு நாளுக்கு ஒரு மணி நேரம் வீதம் உடல் சரியாகும் என்று வைத்துக்கொண்டால் ஒரு வாரத்தில் ஒத்துப்போகும். இரண்டாவது சனிக்கிழமை உள்ளூரில் ஆட்டம் இருக்கிறதா பாருங்கள், இருந்தால் அதுதான் சரி. அது காலை 11 மணி ஆட்டமாக அமைந்தால் இன்னும் நல்லது. மேற்கே வந்தவர்கள் விடியலில் விழித்துக்கொள்வார்கள், பகலில் தெளிவாக இருப்பார்கள். ஒரு சிக்கல்: தொடக்க நேரத்தைப் பெரும்பாலும் தொலைக்காட்சி நிறுவனங்கள்தான் முடிவு செய்கின்றன, கடைசி ஒன்றிரண்டு வாரத்தில்தான் உறுதியாகும். அதற்கு முன் மற்ற எதையும் பூட்டி வைக்காதீர்கள். இரண்டாவது சனிக்கிழமை உள்ளூர் ஆட்டமே இல்லையென்றால், முதல் சனிக்கிழமைக்கே கீழே சொல்லப்போகும் குறுகிய திட்டத்தைப் பயன்படுத்துங்கள்.

டிக்கெட்டுக்கு இன்னும் பணம் கட்டாதது நல்லதாகப் போயிற்று. விடுப்பு அனுமதிக்கப்பட்ட பின்னும் தேதி நகரலாம். ஜெர்மனியின் ராம்ஸ்டைன் விமானத் தளத்திலிருந்து ராணுவ விமானத்தில் காலி இடம் பார்த்து வரப்போகிறார் என்றால் வந்து சேரும் நாளே நிச்சயமில்லை. அவர் வீட்டுக்குள் கால் வைத்த பிறகு, கைமாற்றி விற்கும் டிக்கெட்டை வாங்கினால் போதும். விலை சற்று ஏறலாம், பரவாயில்லை. இன்னொன்றையும் கணவர் நினைவில் வைக்க வேண்டும். ராணுவத்தில் மாதத்துக்கு இரண்டரை நாள் வீதம்தான் விடுப்பு சேரும், விடுப்புக்குள் வரும் சனி, ஞாயிறும் அதில் கழியும். இந்த 14 நாள் அவர் ஐந்தரை மாதத்துக்கு மேல் சேர்த்தது. எப்படிச் செலவழிப்பது என்பதில் முதல் சொல் அவருடையதாக இருக்கட்டும்.

இப்போது இருக்கை. நாலு பேர் வரிசையில் அவரை நடுவில் உட்கார வைப்பதுதான் அன்புள்ள குடும்பங்கள் வழக்கமாகச் செய்யும் தவறு. நடைபாதை ஓர இருக்கை அவருக்கு. கடைசி வரிசையோ, பின்னால் சுவர் இருக்கும் வரிசையோ கிடைத்தால் எடுங்கள், முதுகுக்குப் பின்னால் ஆள் இல்லாதது பெரிய நிம்மதி. வெளியேறும் வாயிலிலிருந்து பத்து, பதினைந்து படிக்குள் இருக்கட்டும். மாணவர் பகுதிக்குப் பக்கத்தில் வேண்டாம். அங்கே ஆட்டம் முழுக்க நின்றுகொண்டே இருப்பார்கள், முன்னால் எதுவும் தெரியாது. பிற்பகல் ஆட்டமென்றால் மேற்குப் பக்க இருக்கை வாங்குங்கள். வெயில் எதிரே உள்ள கிழக்குப் பக்கத்தைத்தான் சுடும். ஆஸ்டின் அக்டோபரில் 32 டிகிரி சாதாரணம். நீர் வற்றினாலும் படபடப்பு வரும், அதைப் பயம் என்று தவறாக எடுத்துக்கொள்ள வாய்ப்புண்டு.

முழு ஆட்டமும் பார்த்தாக வேண்டும் என்ற எண்ணத்தை விடுங்கள். அவர் பார்க்க விரும்புவது தங்கையை. பேண்டு களத்தில் இறங்குவது இரண்டு தடவை: தொடக்கத்துக்குச் சற்று முன்பும், 20 நிமிட நடு இடைவேளையிலும். தொலைக்காட்சியில் பார்த்துக்கொள்ளலாமே என்றால் அது நடக்காது. இடைவேளை வந்ததும் ஒளிபரப்பு ஸ்டூடியோ பேச்சுக்குத் தாவிவிடும், பேண்டைக் காட்டுவது அபூர்வம். எனவே நேரில் போவதற்கு உண்மையான காரணம் இருக்கிறது. அதற்கு இரண்டு திட்டம் சொல்கிறேன், அவரே தேர்ந்தெடுக்கட்டும்.

முழுத் திட்டம்: தொடக்கத்துக்கு 75 முதல் 90 நிமிடம் முன்பே உள்ளே போய்விடுங்கள். கடைசி அரை மணியில்தான் வாயிலில் தோளோடு தோள் உரசும் நெரிசல். பேண்டின் முதல் நிகழ்ச்சி, முதல் பாதி, இடைவேளை நிகழ்ச்சி. கழிவறைக்குப் போவதை இரண்டாம் கால்பகுதி நடுவில் முடித்துவிடுங்கள், இடைவேளையில் அந்த நடைவழிகளில் நகர முடியாது. மூன்றாம் கால்பகுதி முடிவில் கிளம்புங்கள்.

குறுகிய திட்டம்: ஆட்டம் தொடங்கி அரை மணி கழித்து வாயிலுக்குப் போங்கள். வரிசை இருக்காது. தேசிய கீதம், விமானம், தொடக்க ஆரவாரம் எல்லாம் முடிந்திருக்கும். முதல் பாதி ஓட ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். இடைவேளை நிகழ்ச்சியைப் பார்த்துவிட்டு, இரண்டாம் பாதி தொடங்கி எல்லாரும் உட்கார்ந்ததும் வெளியே வந்துவிடலாம். அரங்கத்துக்குள் மொத்தம் ஒன்றேமுக்கால் மணி நேரம்கூட ஆகாது. டிக்கெட் காசு வீண் என்று கணவர் நினைக்கலாம். என் கணக்கில் இதுதான் சிறந்த திட்டம், முதல் தடவை என்பதால்.

வெளியே போனால் மறுபடி உள்ளே விடுவது பெரும்பாலான கல்லூரி அரங்குகளில் இல்லை. ஆகவே "கொஞ்சம் காற்றாட நிற்கலாம்" என்பதற்கு அரங்கத்துக்கு உள்ளேயே, சுவரோரமாக, கூட்டம் குறைந்த ஓர் இடத்தை முன்பே பார்த்து வையுங்கள். இதற்காகவே ஆட்டத்துக்கு முந்தைய ஒரு வேலை நாளில், அவருக்கு விருப்பமிருந்தால், வளாகத்தை ஒரு சுற்று நடந்து வாருங்கள். எந்த வாயில், கார் எங்கே, எந்தத் தெருவழியாக வெளியேறுவது என்று அவரே பார்த்துக்கொள்வார். 1924இல் திறந்த அந்த அரங்கம் முதல் உலகப் போரில் பணியாற்றிய டெக்சஸ் மக்களின் நினைவாகக் கட்டப்பட்டது, பிறகு எல்லாப் போர் வீரர்களுக்குமானதாக விரிந்தது. வடக்குப் பக்கத்தில் போர் வீரர் நினைவு முற்றம் இருக்கிறது. மகனுக்கு மரியாதை செய்ய நினைக்கும் உங்கள் கணவருக்கு அந்த அமைதியான வேலை நாள் நல்ல சந்தர்ப்பம்.

வெளியேறுவதற்கு ஓர் ஒப்பந்தம் முன்பே செய்துகொள்ளுங்கள். "வண்டியைப் பார்த்துட்டு வர்றேன்" என்று அவர் சொன்னால் போக வேண்டும் என்று பொருள். ஏன், என்ன ஆச்சு என்று யாரும் கேட்கக் கூடாது. கூட ஒருவர் மட்டும் எழ வேண்டும், யார் என்பதை அவரே முன்பு சொல்லட்டும். மற்றவர்கள் இருக்கையில் இருக்கட்டும். மொத்தக் குடும்பமும் தடதடவென எழுந்தால் தன்னால் தங்கையின் நாள் கெட்டது என்ற எண்ணம்தான் அவருக்கு மிஞ்சும். கார் சாவி அவர் பையில். கூட்டத்தில் போன் சிக்னல் திணறும். அதனால் டிக்கெட்டை முன்பே போனில் இறக்கி வையுங்கள், சந்திக்கும் இடத்தையும் வாய்மொழியாகப் பேசி வையுங்கள்.

வெடிச்சத்தத்தில் உறைந்துவிட்டார் அல்லது குனிந்துவிட்டார் என்றால்: பின்னாலிருந்து தொடாதீர்கள், தோளைப் பிடித்து உலுக்காதீர்கள். அவர் பார்வைக்கு எதிரே வந்து, சாதாரணக் குரலில் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். "ஆட்டத்துப் பீரங்கிதான். ஆஸ்டின்ல இருக்கோம்" என்று ஒரே வரி போதும். குளிர்ந்த தண்ணீர் பாட்டிலைக் கையில் கொடுங்கள். மூச்சை நான்கு எண்ணி இழுத்து ஆறு எண்ணி விடுவது உதவும். அதை அவருக்குப் பாடம் எடுக்காமல், பக்கத்தில் நின்று நீங்கள் செய்யுங்கள். உடலின் பரபரப்பு முழுக்க வடிய 20, 30 நிமிடம் ஆகலாம். அதற்குள் "இப்போ சரியா?" என்று நான்கு தடவை கேட்காதீர்கள். அவர் மெடிக் என்பதால் இன்னொன்று. வெயிலில் யாராவது மயங்கி விழுந்தால் அவர் ஓடக்கூடும். தடுக்க வேண்டாம். அரங்கத்தின் முதலுதவிக் குழு வந்ததும் அவர் ஒப்படைத்துவிடுவார். ஆனால் அதன் பிறகு கொஞ்ச நேரம் பேசாமல் இருக்க விடுங்கள்.

விருந்துக்கு வருவோம். 24 பேர் என்பது 24 பேரின் கேள்விகள். "அங்க என்ன நடந்துச்சு", "ஆளைச் சுட்டிருக்கியா", "சம்பளம் எவ்வளவு", "படிப்பை எப்போ முடிக்கிற", "கல்யாணம்?" நம் ஆட்கள் பாசத்தோடுதான் கேட்பார்கள், ஆனால் முதல் இரண்டு கேள்வியையும் யாரும் அவரிடம் கேட்கவே கூடாது. அழைக்கும்போதே கணவர் போனில் சொல்லிவிடட்டும்: "பையன் ஓய்வுக்கு வர்றான். வேலையைப் பத்தி அவனா பேசினாப் பேசலாம், நாம எடுக்க வேண்டாம்." எட்டுப் பேர், ஒன்றரை மணி நேரம். மீதி நண்பர்களை இன்னொரு நாள் வீட்டுக்கு அழைக்கலாம். அங்கே மாடியறை இருக்கிறது, எழுந்து போய்க் கதவைச் சாத்திக்கொள்ளலாம்.

பிரியாணி வேண்டாம் என்பேன். சூடான உணவு 60 டிகிரிக்கு மேலேயே இருக்க வேண்டும், அதற்குக் கீழே இறங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள், வெளியே 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். ஒரு கிலோ அரிசியில் புளியோதரை எட்டுப் பேருக்குச் சரியாக இருக்கும். உருளைக்கிழங்குப் பொரியல், ஐஸ் பெட்டியில் தயிர்சாதம். உள்ளே உணவு கொண்டுபோக முடியாது. உங்கள் கைப்பையும் உள்ளே வராது. 12க்கு 6க்கு 12 அங்குலத்துக்கு மேற்படாத, ஒளி ஊடுருவும் பைதான் அனுமதி. உள்ளங்கை அளவு சிறு பர்ஸ் சேரலாம். பீர் கோப்பையை அவர் கையில் திணிக்க வேண்டாம் என்று நண்பர்களிடம் சொல்லுங்கள். மது துள்ளலை அடக்குவதுபோல் தோன்றும், அன்றிரவு தூக்கத்தைக் கெடுக்கும்.

பெரிய திரை. இதில் எனக்கு மாற்றுக் கருத்துக்கே இடமில்லை. லட்சம் முகங்கள் திடீரென ஒருவரை நோக்கித் திரும்புவது, எல்லாப் பக்கமும் கண்காணித்தபடி இருக்கும் மனதுக்கு மிகக் கடினமான அனுபவம். அதோடு, தன் தளத்தில் அடிபட்டவர்களைப் பார்த்த ஒரு மெடிக் "நான் எதற்குக் கைதட்டல் வாங்குகிறேன்" என்று உள்ளுக்குள் குமையக்கூடும். சீருடையில் எங்கே, எப்போது தோன்றலாம் என்பதற்கு ராணுவ விதிகளும் உண்டு. அதை அவரே முடிவு செய்ய வேண்டும். விடுப்புத் தேதி, விமான விவரம், அவர் பிரிவின் பெயர் ஆகியவற்றை வாட்ஸ்அப் குழுக்களில் போடுவதையும் நிறுத்துங்கள். அது பாதுகாப்பு விஷயம்.

கணவரிடம் இதைச் சண்டையாகக் கொண்டுபோகாதீர்கள். பேசாமல் இருந்த ஒரு வருடத்தை அவர் ஈடு செய்யப் பார்க்கிறார் என்று எனக்குப் படுகிறது. அந்த மனது மதிக்கத்தக்கது. அவரிடம் நீங்கள் சொல்லலாம்: "லட்சம் பேர் கைதட்டுறதை விட நீங்க ஒருத்தர் சொல்றதுதான் அவனுக்கு வேணும்." சொல்ல வேண்டியதும் நீளமாக வேண்டாம். "நீ சேர்ந்தப்போ பேசாம இருந்தேன். அது தப்பு. உன்னை நினைச்சாப் பெருமையா இருக்கு." நேருக்கு நேர் உட்கார்ந்து சொல்வது இருவருக்கும் கூச்சமாக இருந்தால் காரில் சொல்லட்டும். இரண்டு பேரும் சாலையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது நம் வீட்டு ஆண்களுக்குப் பேச்சு வரும். பதில் எதிர்பார்க்க வேண்டாம்.

மகளுக்கும் உண்மையைச் சொல்லிவிடுங்கள். அண்ணன் இடைவேளையோடு கிளம்பலாம், கடைசி நேரத்தில் வராமலும் போகலாம், அது அவள் மேல் உள்ள பாசக் குறைவல்ல என்று. பேண்டு மாணவர்கள் ஆட்ட நாளில் பல மணி நேரம் முன்பே போய்விடுவார்கள், அன்று அவளோடு உட்கார நேரமே கிடைக்காது. வார நாள் பயிற்சியை வெளியே நின்று பார்க்க முடியுமா என்று அவளிடம் கேளுங்கள். பீரங்கியும் கூட்டமும் இல்லாமல் கிளாரினெட்டைக் கேட்க அது ஒரு வழி. ஞாயிற்றுக்கிழமையை எந்த வேலையும் வைக்காமல் காலியாக விடுங்கள். அவள் வீட்டுக்கு வரட்டும்.

மகனிடம் போனில் கேட்பதைவிட எழுதி அனுப்புவது நல்லது, யோசித்துப் பதில் சொல்வார். இப்படி எழுதலாம்: "தங்கச்சி வாசிக்கிறதைப் பார்க்கணும்னு சொன்னியே. ரெண்டாவது சனிக்கிழமை போகலாமான்னு யோசிக்கிறோம். ஆட்டம் தொடங்கும்போதும், புள்ளி எடுத்தாலும், ஒவ்வொரு கால்பகுதி முடிவிலும் பீரங்கி வெடிக்கும், கூட்டம் அதிகம். இடைவேளை வரைக்கும் இருந்துட்டு வந்திடலாம், இல்ல பயிற்சியை மட்டும் பார்க்கலாம், இல்ல வீட்டிலேயே இருக்கலாம். எதுன்னாலும் சரி. அன்னிக்குக் காலையில மனசு மாறினாலும் சரி." கடைசி வரியை விட்டுவிடாதீர்கள்.

டாக்டர் வேண்டுமா என்ற கேள்விக்குக் கடிதத்தை வைத்து முடிவு சொல்ல முடியாது. துள்ளலும் எச்சரிக்கையும் மட்டும் இருந்து, மாதங்கள் போகப் போகக் குறைந்து வந்தால் பொறுத்துப் பார்க்கலாம். ஆனால் கெட்ட கனவுகள், நடந்தது திரும்பக் கண்முன் வருவது, ஆட்களையும் இடங்களையும் தவிர்ப்பது, எதிலும் பிடிப்பில்லாமை, சட்டென்று வெடிக்கும் கோபம் ஆகியவை சேர்ந்து ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து வேலையையோ உறவையோ பாதித்தால் மதிப்பீடு தேவை. வசந்தத்தில் பார்த்த மூன்று, நான்கு மணி நேரத் தூக்கம் இப்போதும் அப்படியே இருந்தால், அந்த ஒன்றுக்காகவே அவர் மருத்துவரைப் பார்க்கலாம். "உனக்கு மனநோய்" என்று தொடங்காமல் "தூக்கத்துக்கு யாரையாவது பார்க்கலாமே" என்று தொடங்குங்கள். வேலைக்குப் பாதகம் வருமோ என்று தயங்கினால், படைப்பிரிவின் சாப்ளின், அதாவது ராணுவ மதகுரு இருக்கிறார். மதம் எதுவானாலும் பேசலாம், அவரிடம் சொன்னது மேலதிகாரிக்குப் போகாது. ராணுவத்தினருக்கும் குடும்பத்தினருக்குமான உதவிச் சேவை மிலிட்டரி ஒன்சோர்ஸின் எண் 1-800-342-9647, எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம். உயிரை விடுவது பற்றிப் பேசினாலோ, விடைபெறுவதுபோல் நடந்துகொண்டாலோ காத்திருக்க வேண்டாம். தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணான 988ஐ அழைத்து, ராணுவத்தினருக்கான 1ஐ அழுத்துங்கள். நீங்களே அழைக்கலாம், அவர் அனுமதி தேவையில்லை. வீட்டில் துப்பாக்கி இருந்தால் அன்றே பூட்டி, சாவியை வேறிடத்துக்கு அப்புறப்படுத்துங்கள்.

இந்த வாரத்துக்கு மூன்று வேலை: திரையில் காட்டும் விண்ணப்பத்தைக் கணவர் திரும்பப் பெறட்டும், யூனிஃபார்ம் எடுத்து வர வேண்டாம் என்று அவரே மகனுக்குச் சொல்லட்டும், மேலே உள்ள செய்தியை நீங்கள் அனுப்புங்கள். டிக்கெட் அதற்குப் பிறகு.